இடது முழங்கைக்கு மறுதேர்வு

ஊசிக்காடு நடுநிலைப் பள்ளியில் மார்க்கு ஆளுக்குப் போடுவதில்லை, உறுப்புக்குத்தான் போடுவார்கள். வலது கைக்குத் தனி, இடது கைக்குத் தனி, நாக்குக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று என்று ஒரு பிள்ளைக்கு இருபத்துநான்கு ரேங்க் கார்டு. பெற்றவர்கள் இருபத்துநான்கிலும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். போட்டுப் போட்டே அந்த ஊர்த் தாய்மாருக்கெல்லாம் கையெழுத்து நன்றாகத் திருந்திவிட்டது.

உடம்புக்கு உள்ளே இருப்பவற்றுக்கு மார்க்கு கிடையாது. கண்ணுக்குத் தெரியாததற்கு எதை வைத்துப் போடுவது? வயிறு மட்டும் விதிவிலக்கு. சத்துணவு நேரத்தில் அது தானாகவே சத்தம் போட்டு ஆஜர் சொல்லிவிடுகிறது என்பதால் அதற்கு ஒரு வருகைச் சான்றிதழ் உண்டு.

ஒவ்வொரு உறுப்புக்கும் அறிவுக்கு அறுபது, முயற்சிக்கு நாற்பது. முழங்கைக்கு ஏது அறிவு என்று கேட்கக் கூடாது. மடங்கத் தெரிகிறதா, நீளத் தெரிகிறதா, அவ்வளவுதான். அறிவு முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை, தள்ளிவிட்டுவிடுவார்கள். முயற்சியில் பூஜ்யம் வாங்கினால் மட்டும் அந்த உறுப்பு பெயில். மற்ற உறுப்புகள் அடுத்த வகுப்புக்குப் போகும், அது பழைய வகுப்பிலேயே இருக்கும். சுயம்புலிங்கம் என்கிற பையனுக்கு ஆறாம் வகுப்பில் வலதுகால் கட்டைவிரல் பெயிலாகிவிட்டது. ஏழாம் வகுப்பு முழுவதும் அவன் வாசல்படியில் உட்கார்ந்து, காலை ஆறாம் வகுப்புக்குள் நீட்டியபடியே படித்தான். அடுத்த வருடம் கட்டைவிரலும் பாஸ். அதுவரை நகம் வெட்ட மட்டும் ஆறாம் வகுப்பு டீச்சரிடம் லீவு லெட்டர் கொடுக்க வேண்டியிருந்தது.

எட்டாம் வகுப்புக்கு இந்த வசதி இல்லை. ஒன்பதாம் வகுப்பு மேலச்சந்தை உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறது, ஐந்து கிலோமீட்டர் தூரம். அதனால்தான் எட்டாம் வகுப்பு ரிசல்ட் என்றால் ஊசிக்காட்டில் எல்லாருக்கும் பயம்.

இசக்கிராணி அந்த வருடம் எட்டாம் வகுப்பு. ஒல்லியான பெண், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மேலச்சந்தைக்குப் போவதென்று இரண்டு வருடமாகக் கனவு கண்டுகொண்டிருந்தாள். அங்கே கண்ணாடி அலமாரிக்குள் ஒரு எலும்புக்கூடு இருக்கிறதாம். எல்லா எலும்பும் பாஸான எலும்புக்கூடு. அதைப் பார்க்க வேண்டும், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வேண்டும், பெஞ்சுத் தோழி செல்வக்கனியோடு ஒன்பதாவதிலும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். இதெல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அவளுடைய தங்கச்சி முத்துமாரி ஏழாவது முடித்திருந்தாள். எட்டாவதிலேயே தங்கினால் தங்கச்சி பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தக் கழுதை இப்போதே பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறது.

ரிசல்ட் வந்தது. இருபத்துமூன்று கார்டில் பாஸ். வலது கை கணக்கில் எழுபத்தெட்டு. நாக்கு செய்யுள் ஒப்பிப்பதில் வகுப்பிலேயே இரண்டாவது, நடத்தை மட்டும் ‘சுமார்’. காதுகளுக்கு ஒரு குறிப்பு இருந்தது: ‘வலது காது வாங்குவதை இடது காது வெளியே விட்டுவிடுகிறது, வீட்டில் கவனிக்கவும்.’ ஆனாலும் பாஸ்தான்.

இருபத்துநான்காவது கார்டு இடது முழங்கையுடையது. அறிவு ஐம்பத்திரண்டு. முயற்சி பூஜ்யம். கீழே வகுப்பாசிரியை ஜெபமணி டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘வருடம் முழுக்கச் சும்மா இருந்தது. ஒரு தடவைகூட அசைந்து பார்க்கவில்லை.’

ஜெபமணி டீச்சரைக் குறை சொல்ல முடியாது. ஓரவஞ்சனை என்றால் என்னவென்றே தெரியாத மனுஷி. சொந்த மகனின் மூக்கையே இரண்டு வருடம் பெயிலாக்கியவர். எட்டுப் பீரியடும் நீல நோட்டோடு பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பார். எது அசைகிறது, எது துடிக்கிறது, எது முக்கி முனகுகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதுவார். அவர் நோட்டில் பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான்.

மறுநாள் காலையிலேயே அம்மா பொன்னுத்தாய் தீப்பெட்டி ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டாள்.

“டீச்சரம்மா, வீட்ல இந்த முழங்கைதான் நாலு கொடம் தண்ணிய இடுக்கிட்டு வருது. அடிபம்புல எடுத்தா வீட்ல வந்துதான் எறக்கும். பள்ளிக்கூடத்துக்கு வந்தா மட்டும் அதுக்கு என்ன கேடு?”

“தண்ணி எடுக்கது பாடத்துல இல்லையேம்மா. நான் கண்ணால கண்டதுக்குத்தான மார்க்கு போட முடியும்?”

“அப்போ முழங்கைய இங்க விட்டுட்டு மத்தத ஒம்பதாவதுக்கு அனுப்புதேன்.”

“தாராளமா அனுப்புங்க. ஆனா மேலச்சந்தை அஞ்சு கிலோமீட்டராச்சே. கை அவ்வளவு நீளம் வருமா?”

பொன்னுத்தாய் மகளின் கையைத் தோளிலிருந்து விரல்வரை சாண் போட்டு அளந்து பார்த்தாள். இரண்டரைச் சாண் இருந்தது.

“வராது டீச்சர். அவுக அப்பா கை. குட்டை.” பிறகு மெதுவாகச் சொன்னாள், “வந்தாலும் பொட்டப்புள்ள முழங்கைய தனியா விட்டுட்டுப் போவ மனசு வராது.”

தலைமையாசிரியர் சண்முகவேல் சார் நல்ல மாதிரி. ரேங்க் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “திங்கட்கிழமை முழங்கைக்கு ஒரு மறுதேர்வு வைப்போம்மா,” என்றார். மேலச்சந்தையில் சேர்க்கை செவ்வாயோடு முடிகிறது. முழங்கை பாஸானால் முழு ஆளாகப் போய்ச் சேரலாம். இல்லாவிட்டால் முழு ஆளாக இங்கேயே இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னுத்தாய் முழங்கையை உட்கார வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

“ஏ முழங்கை, ஒனக்கு என்ன குறை வச்சேன்? வலது முழங்கைக்குத் தேய்ச்ச அதே எண்ணெயத்தான ஒனக்கும் தேய்ச்சேன்? அது பாஸு, நீ பெயிலு. ஊருக்குள்ள நான் தல நிமிந்து நடக்க வேண்டாமா?”

இசக்கிராணிக்குத்தான் பாவமாக இருந்தது. பாவாடையை இழுத்து முழங்கையை மூடிவிட்டாள். முத்துமாரி வாசலில் நின்று, “ஏ ராணி, எட்டாப்புல என் பக்கத்துலதான ஒக்காருவ?” என்று கேட்டுவிட்டு ஓடிப்போனாள்.

தெற்குத்தெருவில் கொம்பையா என்று ஒரு கண்டக்டர் இருந்தார். காலை ஒன்பது மணி பஸ்ஸில் மூச்சுவிட இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில் முன் படிக்கும் பின் படிக்கும் நடுவே அவர் போய் வருவது முழங்கையால்தான். சும்மா சொல்லக் கூடாது, மாவட்டத்திலேயே அப்படி ஒரு முழங்கை கிடையாது. சனி ஞாயிறு இரண்டு நாளும் அதனிடம் டியூஷன் ஏற்பாடானது. கொம்பையா ஜன்னல் ஓரம் வெற்றிலை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க, அவர் முழங்கை மட்டும் பாடம் நடத்தியது. சனிக்கிழமை சாயங்காலம் இசக்கிராணியின் முழங்கை இரண்டு பேரை விலக்கியது. ஞாயிறு மத்தியானம் மூன்று மூட்டைக்காரர்களையும் ஒரு கல்யாண கோஷ்டியையும் பிளந்துகொண்டு முன் படிவரை போய்விட்டது.

“பாஸுதான். எழுதி வச்சுக்கோங்க,” என்றார் கொம்பையா.

பொன்னுத்தாய் அன்று முழங்கைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மறுதேர்வு. எட்டாம் வகுப்பு அறையில் ஒரே ஒரு பெஞ்சைப் போட்டிருந்தார்கள். இசக்கிராணி அதில் உட்கார, முழங்கைக்கு முன்னால் கேள்வித்தாளை வைத்தார் ஜெபமணி டீச்சர். வலது கை உட்பட எந்த உறுப்பும் ஜாடை காட்டக் கூடாது, சிபாரிசு செய்யக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நேரம் அரைமணி.

இசக்கிராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்கையைப் பார்த்தாள். பஸ்ஸில் அந்தப் பாடு படுத்திய முழங்கை, பெஞ்சில் உட்கார்ந்ததும் விலாவோடு போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டியது ஒட்டியதுதான். ‘அசையேன், அசைந்து தொலையேன்’ என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். பல்லி சுவரில் ஒட்டின மாதிரி இருந்தது அது. பத்து நிமிடம் போனது, இருபது போனது. டீச்சர் குனிந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் பார்த்தார். மணி அடித்ததும் நீல நோட்டில் பூஜ்யம் போட்டார்.

இசக்கிராணி ஓவென்று அழுதுவிட்டாள். கண்கள் ஏற்கெனவே பாஸாகியிருந்ததால் அழுததற்குத் தனியாக மார்க்கு இல்லை. டீச்சருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் என்ன செய்ய?

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. மறுதேர்வு முடிவை ஆசிரியர்கள் எழுதுவதில்லை. அந்த வருடம் கையெழுத்துக்குத் தங்கப் பதக்கம் வாங்கிய கைதான் எழுத வேண்டும். சண்முகவேல் சாரின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்பதால் அவரே ஏற்படுத்திய வழக்கம் அது. இந்த வருடப் பதக்கம் செல்வக்கனியின் வலது கைக்கு. வேறு யார் கைக்குக் கொடுப்பது? அவள் எழுதினால் முத்துக் கோத்த மாதிரி இருக்கும். பதக்கத்தை மணிக்கட்டில் கட்டிக்கொண்டே அலைந்தாள்.

செல்வக்கனி வந்தாள். நல்ல வாட்டசாட்டமான பெண், அவள் உட்கார்ந்தாலே பெஞ்சு ஒரு வார்த்தை பேசும். தோழியின் அழுத மூஞ்சியைப் பார்த்ததும் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிவு எழுதும் படிவம் ஒன்றியத்திலிருந்து வருடத்துக்கு நாலே நாலு வரும். அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது. சண்முகவேல் சார் படிவங்களை எடுத்துக்கொண்டு, சொல்லிச் சொல்லி எழுத வைக்க வசதியாக அவள் வலப்பக்கம் உட்கார்ந்தார். முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றிக்கொண்டார்.

“எழுதும்மா. ‘இசக்கிராணி என்னும் மாணவியின்’...”

செல்வக்கனி எழுதினாள். எழுத்து வரிக்கு மேலே ஏறியது, திடீரென்று கீழே சரிந்தது, ‘மாணவியின்’ என்பதில் கடைசி எழுத்து மேஜைக்கே போய்விட்டது. படிவம் வீண்.

இரண்டாவது படிவத்தில் ‘இசக்கி’யோடு நின்றுவிட்டது. மூன்றாவதில் பேனா சாரின் முழங்கையில் இடித்து, அவர் சட்டையில்தான் பாதிப் பேர் விழுந்தது. அழுக்காக இருந்தாலும் அது நல்ல சட்டை.

“என்னம்மா இது? பதக்கம் வாங்குன கைதான?” என்றார் சார்.

செல்வக்கனி பதக்கத்தைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“சார், எனக்கு இசக்கிராணி பக்கத்துல இருந்தாத்தான் எழுத வரும்.”

“சரி, அவளையே ஒக்காரச் சொல்லு. ஒரு படிவந்தான் மிச்சம்.”

தன்னுடைய பெயில் சர்டிபிகேட்டைத் தோழி எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதென்பது யாருக்கும் வரக் கூடாத நிலைமை. இசக்கிராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு செல்வக்கனியின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள். இடது முழங்கை விலாவோடு போய் ஒட்டிக்கொண்டது. செல்வக்கனியின் கை விரிந்தது, அகன்றது, காலாற நடந்தது. ‘இசக்கிராணி என்னும் மாணவியின் இடது முழங்கை’ என்று முத்து முத்தாக விழுந்தது.

“நிறுத்து!” என்றார் ஜெபமணி டீச்சர்.

பேனா நின்றது. டீச்சர் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி, அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ரஃப் பேப்பரை எடுத்து வைத்தார்.

“இசக்கிராணி, முழங்கைய வெளிய விடு. செல்வக்கனி, ‘அணில்’னு எழுது.”

முழங்கை வெளியே வந்தது. அணில் கோணிக்கொண்டு வந்தது.

“உள்ள இழுத்துக்கோ. எழுது.”

அணில் அழகாக வந்தது.

ஐந்து தடவை செய்து பார்த்தார். ஐந்து அணில் நல்லது, ஐந்து அணில் நொண்டி.

“எப்பலேர்ந்து இப்படி?” என்று கேட்டார் டீச்சர்.

செல்வக்கனிதான் சொன்னாள். “மொத நாள்லேர்ந்து டீச்சர். மூணு பேரு பெஞ்சுல நாலு பேரு ஒக்காந்தோம். எழுத எடம் இல்ல. ‘கொஞ்சம் ஒடுங்கிக்கோட்டி’ன்னு சொன்னேன். ஒடுங்கிக்கிட்டா. அப்புறம் நான் விடச் சொல்லவே இல்ல. மறந்துட்டேன்.”

“எனக்கும் மறந்துட்டு டீச்சர்,” என்றாள் இசக்கிராணி. “முழங்கைக்குத்தான் ஞாபகம் இருந்திருக்கு.”

ஜெபமணி டீச்சர் நீல நோட்டைத் திறந்து கணக்குப் போட்டார். இருநூற்றுப் பத்து வேலை நாள். நாளைக்கு எட்டுப் பீரியடு. ஆயிரத்து அறுநூற்று எண்பது பீரியடு ஒரு முழங்கை நீளாமல், சாயாமல், ஒரு தடவைகூடச் சொறிந்துகொள்ளாமல் விலாவோடு ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அவர் அத்தனை பீரியடும் பக்கத்திலேயே நடந்திருக்கிறார். டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. இருபத்தாறு வருட சர்வீசில் அவர் நோட்டில் ஒரு பூஜ்யத்தை அடித்தது அன்றைக்குத்தான். முயற்சிக்கு நாற்பதுக்கு நாற்பது என்று எழுதினார்.

பிறகு முழங்கைக்கு நேராகக் குனிந்து, “மன்னிச்சுக்கோம்மா. அசையறதை மட்டுமே பாத்துட்டேன்,” என்றார்.

முழங்கை ஒரு விரற்கடை வெளியே வந்தது. செல்வக்கனி இன்னும் எழுதி முடிக்கவில்லை என்பது ஞாபகம் வந்து திரும்ப உள்ளே போய்விட்டது.

சண்முகவேல் சார் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் எதையும் முறைப்படி செய்கிறவர். முழங்கை இந்த வருடம் தன்னுடைய எட்டாம் வகுப்பைச் செய்திருக்கிறது. அதே நேரத்தில் செல்வக்கனி கையின் பதக்க வேலையிலும் பாதியைச் செய்திருக்கிறது. செல்வக்கனியின் கை பெரிய கை, அதில் பாதி என்றால் சாதாரணக் கையின் ஒரு வருடப் படிப்புக்குச் சமம். ஆக ஒரே வருடத்தில் இரண்டு வருடப் படிப்பு.

“எழுதும்மா,” என்றார். “‘எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் தேர்ச்சி பெற்றது.’ அடித்தல் திருத்தல் இல்லாம.”

செல்வக்கனி எழுதினாள். அந்தப் படிவத்தைப் போல அழகான படிவம் ஒன்றியத்துக்கே வந்ததில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். பதக்கத்தை அவள் தானாகவே கழற்றினாள். ஒற்றைப்படை மாதம் கைக்கு, இரட்டைப்படை மாதம் முழங்கைக்கு என்று முடிவானது. வாசலில் காத்திருந்த பொன்னுத்தாய் செய்தி கேட்டு முழங்கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். இசக்கிராணியின் கன்னம் பக்கத்திலேயே இருந்ததால் அதற்கும் ஒன்று கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை மேலச்சந்தையில் சேர்த்துக்கொண்டார்கள். இசக்கிராணி ஒன்பதாவது, இடது முழங்கை பத்தாவது. இரண்டு வகுப்புக்கும் நடுவே ஓலைத்தட்டிதான் மறைப்பு என்பதால் கஷ்டமில்லை. தட்டியில் ஒரு ஓட்டை போட்டு, ஓட்டைக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்தார்கள். அவளுக்கு வலப்பக்கம் செல்வக்கனி உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஒடுங்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்தாவதில் முழங்கைக்கு முதல் பெஞ்சு, தாராளமாக இரண்டு பேர் இடம். முதல் ஒரு வாரம் அது ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு இருந்ததாம். அப்புறம் ஒரு நாள் நன்றாக நீட்டி, மேஜையில் சாய்ந்துகொண்டதாம். இசக்கிராணிக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்பாகவே இருந்தது.

எலும்புக்கூட்டையும் பார்த்தாள். கண்ணாடிக்கு மேலாகவே அதன் இடது முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

பத்தாவது என்றால் பொதுத்தேர்வாயிற்றே. தை பிறந்ததும் பொன்னுத்தாய் டி.வி. வயரைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டாள். தினமும் காலையில் முழங்கைக்கு வல்லாரைக்கீரையை அரைத்துப் பூசினாள். முத்துமாரி சத்தமாகச் சிரித்தால், “மெதுவா சிரிட்டி, அக்கா முழங்கை படிக்குதுல்லா,” என்று அதட்டினாள். முத்துமாரி அக்காவைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். ஆனால் முழங்கையை அக்கா என்றாள்.

பொன்னுத்தாயின் அண்ணன் வீட்டில் பங்குனி மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். அண்ணன் பத்திரிகை வைக்க வந்தபோது பொன்னுத்தாய் சங்கடத்தோடு கையைப் பிசைந்தாள்.

“அண்ணே, நாங்க வந்துருவோம். முழங்கைக்குத்தான் அன்னைக்கு கணக்குப் பரீட்ச. அத விட்டுட்டு எப்படி வர?”

அண்ணன் யோசித்துவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார். ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தார்.

“வைகாசிக்கு மாத்திக்கிடலாம்னு சொல்லிட்டாக,” என்றார். “அவுக வீட்லயும் மாப்பிள்ளையோட ஒரு காது பன்னெண்டாவது படிக்குதாம்.”